நொண்டி என்றொரு நாயகன்

பேலியகொடையில் அடம்பிடிக்கிற பிள்ளையைச் சிங்களத் தாய் ஒருத்தி அதட்டினால் "நாடகம் நட்டன்ன எப்பா" என்பாள். பக்கத்து வீட்டுத் தமிழ்த் தாய் "நாடகம் ஆடாதை" என்பாள். இருவரும் சொல்வது ஒன்றுதான். சிங்களத் தாயின் வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். அதில் ஆடுவதைக் குறிக்கும் வினையில் வல்லோசை இருக்கிறது, "நட்டன்ன". அதற்கு முன்னால் நிற்கும் "நாடகம்" என்ற பெயரில் டகரமும் ககரமும் மெல்ல ஒலிக்கின்றன. வடமொழியிலிருந்து நேரே வந்திருந்தால் அந்தப் பெயரும் வல்லோசையோடு வந்திருக்கும். இரண்டு உயிர்களுக்கு நடுவே வல்லினத்தை மெலிதாக ஒலிப்பது தமிழ் வாயின் பழக்கம். சிங்கள எழுத்து அந்த மெல்லோசையை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே இந்தச் சொல் யாரிடமிருந்து போனது என்பதற்குச் சொல்லே சாட்சி.

எந்த வழியாகப் போனது என்பதற்கு வீதியும் ஒரு சாட்சி. களனிப் பாலத்தைத் தாண்டினால் கண்டி வீதி ஒரு பக்கம் போகிறது. நீர்கொழும்பு வீதி இன்னொரு பக்கம் போகிறது. இந்த இரண்டாவதுதான் ஏ3. பேலியகொடையில் தொடங்கிப் புத்தளத்தில் முடிகிறது. வத்தளை, நீர்கொழும்பு, சிலாபம் என்று இந்த வீதி நெடுகக் கத்தோலிக்கக் கடலோர ஊர்கள். இன்று சிங்களம் பேசும் குடும்பங்கள் பலவற்றில் பாட்டன் பாட்டி தமிழில் செபம் சொன்னவர்கள். மன்னார், யாழ்ப்பாணம் பக்கத்துக் கத்தோலிக்க நாட்டுக்கூத்து இந்தக் கரையோரமாகவே தெற்கே இறங்கிச் சிங்களத்தில் "நாடகம" ஆனது. கொழும்பில் அதை வளர்த்தவர்களில் முதல் பெயராகச் சொல்லப்படுபவர் பிலிப்பு சிஞ்ஞோ. தொழிலால் கொல்லர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் ஆக்கிய எஹெலபொல நாடகம இன்றும் பேசப்படுகிறது.

நாடகம் தனியே போகவில்லை. தன் பாட்டு வகைகளையும் கூடவே கொண்டுபோனது. விருத்தம், இன்னிசை, சிந்து என்ற யாப்புப் பெயர்கள் சிங்கள நாடகமவுக்குள் புகுந்தன. அவற்றுள் ஒன்று மேடையை விட்டு இறங்கி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இன்று சிங்களத்தில் பாட்டு என்பதற்குச் சாதாரணச் சொல் "சிந்துவ". பேருந்து வானொலியில் ஓடுகிற திரைப்பாட்டும் சிந்துவ, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடுவதும் சிந்துவ. தமிழில் ஒரு வகைப் பாட்டின் பெயராக இருந்தது சிங்களத்தில் பாட்டு முழுமைக்கும் பெயராகிவிட்டது.

தமிழில் சிந்து அந்த அளவுக்கு விரியவில்லை. பழைய இலக்கணத்தில் மூன்று சீர் கொண்ட அடியைச் சிந்தடி என்பார்கள். பிற்காலத்தில் சிந்து என்பது மக்கள் வாயில் கிடந்த இசைப்பாட்டாக வளர்ந்து பல கிளைகள் விட்டது. காவடி தூக்குகிறவர்களுக்குக் காவடிச் சிந்து, பாதயாத்திரை போகிறவர்களுக்கு வழிநடைச் சிந்து. இந்த இரண்டு பெயர்களுக்கும் விளக்கம் வேண்டியதில்லை. மூன்றாவது ஒன்று இருக்கிறது, நொண்டிச் சிந்து. இந்தக் கட்டுரை அந்தப் பெயரைத் தேடித்தான் புறப்பட்டது.

நொண்டு என்பது வினை. கால் ஒன்று ஊன்றாமல் விட்டுவிட்டு நடப்பது. யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் ஒற்றைக்காலில் துள்ளுவதைக் கெந்துதல் என்பார்கள். நொண்டுதல் என்றால் விளையாட்டில்லை, இயலாமை. அந்த வினையிலிருந்து பிறந்த பெயர் நொண்டி. உயர்திணை விகுதி எதுவும் அதில் இல்லை. ஆளையும் மாட்டையும் ஒரே சொல்லால் சொல்லலாம். சங்ககாலப் புலவர் ஒருவருக்கு ஐயூர் முடவனார் என்று பெயர். ஊரும் உடற்குறையும் சேர்ந்துதான் அவருடைய பெயரும் ஆகியிருக்கிறது. ஆனால் முடம் என்ற சொல்லோடு "ஆர்" என்ற மரியாதை விகுதி சேர்ந்திருக்கிறது. முடவனார் என்று ஒரு புலவரை மதித்து அழைத்த மொழியில், சில நூற்றாண்டுகள் கழித்து நொண்டி என்ற மொட்டைச் சொல் ஒரு நாடக நாயகனின் பெயராகிறது. இடையில் அந்தக் குறைக்குப் பாவம் என்ற பொருள் ஏறியிருந்தது.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் தமிழ்நாட்டில் நொண்டி நாடகம் என்றொரு வகை பெருகியது. திருச்செந்தூர் நொண்டி நாடகம், பழனி நொண்டி நாடகம், திருக்கச்சூர் நொண்டி நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம், ஞான நொண்டி நாடகம் என்று ஊருக்கும் வள்ளலுக்கும் சமயத்துக்கும் ஒன்றாக எழுதினார்கள். ஒற்றைக்கால் நாடகம் என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. அது பாட்டாலேயே நடக்கும் நாடகம். ஒருவன் ஒற்றைக்காலோடு மேடைக்கு வந்து தன் கதையைத் தானே பாடுகிறான். ஊர், பிறப்பு, இளமைத் திமிர் எல்லாம் வரும். பிறகு கோயிலூரில் ஒரு தாசியைக் காண்பதும், மோகத்தில் கைப்பொருளை எல்லாம் அவள் வீட்டில் கொட்டுவதும், பொருள் தீர்ந்ததும் வெளியே தள்ளப்படுவதும் வரும். மறுபடி அவளிடம் போகப் பணம் வேண்டும். அதற்காகப் படைவீட்டில் குதிரை திருடப் போகிறான், அகப்படுகிறான், கையும் காலும் வெட்டப்படுகின்றன. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் சோறு போட்டுப் புண்ணுக்கு மருந்திட்டு, இன்ன தெய்வத்திடம் போ என்று வழி சொல்கிறார். போய் வேண்டுகிறான். வெட்டுண்ட உறுப்புகள் வளர்கின்றன.

காமம், பாவம், மீட்பு மூன்றும் ஒரே ஆளின் வாய்ப்பாட்டாக வரும் இசைநாடகம் தமிழில் இதைப்போல வேறு இல்லை. இதை நாம் இலக்கிய வரலாற்றில் சிற்றிலக்கியப் பட்டியலின் வாலில் ஒரு வரியாகத் தள்ளிவைத்திருப்பது எனக்குப் பெரிய மனக்குறை.

இவற்றில் மிகவும் விரிந்த உலகம் சீதக்காதி நொண்டியுடையது. கீழக்கரை மரைக்காயரும் கிழவன் சேதுபதியின் நண்பருமான சீதக்காதி, உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்குத் துணைநின்றவர். செத்தும் கொடுத்தவர் என்று தமிழ் நாவில் பழமொழியாய் நிற்பவர். அந்த நாடகத்தின் நாயகனுக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது, ஒடுங்காப்புலி. கேட்கும்போதே வீரம் தெரிகிற பெயர். அவன் காலம் மொகலாயப் படை செஞ்சிக் கோட்டையை வளைத்திருந்த காலம். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690 முதல் 1698 வரை செஞ்சியை முற்றுகையிட்டிருந்தார். அந்தப் பாளையத்துக்குள்ளேயே குதிரை திருடப் போகிறான் ஒடுங்காப்புலி. குதிரை அந்நாளில் பெரிய செல்வம். அரபுக் குதிரைகள் தென்தமிழ்க் கரைத் துறைகளில் இறங்கி விலைபோன காலம் அது. அகப்பட்டவனுக்கு மாறுகால் மாறுகை வாங்குகிறார்கள். சீதக்காதி அவனுக்கு ஆதரவு கொடுக்கிறார். அவன் இசுலாத்தில் சேர்ந்து மக்கா போகிறான். அங்கே அவனுக்கு உறுப்புகள் திரும்பக் கிடைக்கின்றன.

திருச்செந்தூரில் முருகன் கொடுத்ததை இங்கே மக்கா கொடுக்கிறது. ஞான நொண்டியில் கிறித்தவம் கொடுக்கிறது. தெய்வம் மாறினாலும் கதை மாறவில்லை, பாட்டின் நடை மாறவில்லை, பெயரும் மாறவில்லை. மூன்று சமயத்தாரும் ஒரு பாவியின் கதையை இரவல் வாங்கி, தத்தம் வாசலில் அவனை எழுப்பி நிறுத்தினார்கள். இன்றைக்கு மதத்தின் பெயரால் சுவர் எழுப்புகிறவர்கள் இந்தக் கதையைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மன்னிப்புக்கு முன்னால் சோறும் மருந்தும் வருகின்றன என்பதையும் கவனியுங்கள். புரவலரைப் புகழ்வதற்காகப் புலவர்கள் செய்த ஏற்பாடு அது. ஆனாலும் கைகால் இழந்து கிடப்பவனிடம் முதலில் அருகே வருவது ஒரு மனிதர்தான், தெய்வம் பிறகுதான் என்ற ஒழுங்கு அந்த ஏற்பாட்டிலேயே அமைந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் பக்கம் மட்டும் இந்த நூல்கள் போவதே இல்லை. தாசியையும் அவள் தாய்க்கிழவியையும் பணம் உறிஞ்சுகிறவர்களாக வைத்துவிட்டு ஆணின் கண்ணீரை மட்டும் பாடுகின்றன. அவளுக்கு மீட்பு எழுதப்படவில்லை. இந்த நாடகங்களை எவ்வளவு நேசித்தாலும் இந்த அநியாயத்தை மறைக்க மனம் வரவில்லை.

காமம், பாவம், மீட்பு என்ற அதே மூன்றையும் கொண்ட ஒரு கதை ஜேர்மனியில் உண்டு. அதன் நாயகன் பெயரும் விசித்திரமாக வந்த பெயர்தான். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் டன்ஹொய்சர் என்ற பாடகர் இருந்தார். டன்ஹவுசன் என்ற ஊர்ப்பெயரால் வந்த பெயர் அது. "டன்" காடு, "ஹவுசன்" வீடுகள். காட்டுக்குடி ஊரார் என்று நாம் சொல்லலாம். காதல் பாட்டுகளில் உடலின்பத்தை வெளிப்படையாகப் பாடியவர். அவர் பெயரில் பாவத்துக்கு வருந்தும் பாட்டு ஒன்றும் கிடைக்கிறது. 14ஆம் நூற்றாண்டுச் சுவடியான மானெஸெ தொகுப்பில் அவரைத் துறவு வீரர் சபை ஒன்றின் வெள்ளை மேலங்கியோடு வரைந்திருக்கிறார்கள். இன்பப் பாட்டும் வருத்தப் பாட்டும் ஒரே ஆள் பெயரில் இருந்தால் போதும், நடுவில் வேண்டிய வாழ்க்கையை மக்கள் கற்பித்துக்கொள்வார்கள். நம் அருணகிரிநாதருக்கும் நேர்ந்தது இதுதான். திருப்புகழில் அவர் தன்னையே நொந்து பாடிய இடங்களிலிருந்துதான் தாசி வீட்டுக் கதையும் திருவண்ணாமலைக் கோபுரக் கதையும் முளைத்தன.

டன்ஹொய்சரைப் பற்றி முளைத்த கதையில் அவர் வீனஸ் தேவதையின் மலைக்குள் போய் இன்பத்தில் கிடந்து, மனம் நொந்து, உரோமாபுரிக்கு நடந்து, போப் உர்பானிடம் மன்னிப்புக் கேட்கிறார். என் கையிலுள்ள காய்ந்த கோல் துளிர்த்தால்தான் உனக்கு மன்னிப்பு என்கிறார் போப். மூன்றாம் நாள் கோல் துளிர்க்கிறது. அதற்குள் பாடகர் திரும்பவும் மலைக்குள் போய்விட்டார். இந்த நாட்டுப்பாட்டுக் கதையோடு வார்ட்பூர்க் கோட்டையில் நடந்ததாகச் சொல்லப்படும் பாடகர் போட்டிக் கதையையும் பிணைத்து றிச்சட் வாக்னர் ஓர் இசைநாடகம் செய்தார். 1845 ஒக்ரோபர் 19இல் ட்ரெஸ்டனில் அரங்கேறியது. முதலில் அவர் வைத்த தலைப்பு வீனஸ் மலை. அந்தப் பெயரை வைத்து ஊரில் ஆபாசப் பகடி கிளம்பவே, நாயகன் பெயரைத் தலைப்பாக்கினார். மேடையில் மற்றவர்கள் அவனை ஹைன்றிக் என்றே கூப்பிடுகிறார்கள். ஒடுங்காப்புலிக்கு நேர்ந்ததே இங்கும் நேர்கிறது. அழைக்கும் பெயர் உள்ளே ஒன்று, தலைப்பில் ஏறிய பெயர் வேறொன்று.

மூன்றாம் அங்கத்தில் அவன் உரோமாபுரிப் பயணத்தைத் தானே பாடிச் சொல்லும் நீண்ட பகுதிதான் அந்த நாடகத்தின் உயிர். தன் பாவத்தைத் தானே பாடுவது நொண்டியின் முறையும் அல்லவா. ஆனால் முடிவில் இருவரும் பிரிகிறார்கள். வாக்னரின் நாயகன், தனக்காக வேண்டி உயிர்விட்ட எலிசபெத்தின் பாடையருகே விழுந்து இறக்கிறான். துளிர்த்த கோல் வந்துசேரும்போது அவன் இல்லை. நம் நொண்டி சாவதில்லை. இரண்டு காலில் எழுந்து நின்று, வாழப் போகிறான். மீட்பு என்பது செத்தபின் வரும் செய்தியாக இல்லாமல், வளரும் சதையாக வருகிறது. இந்த ஒரு விடயத்தில் வாக்னரைவிட நம் ஊர்ப் புலவர்கள் பெரிய மனசுக்காரர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படி எழுந்தவனுக்கும் பெயர் மாறவில்லையே என்பதுதான் என்னை உறுத்துகிறது. உறுப்பு வளர்ந்த பிறகு அவன் நொண்டி இல்லை. தெய்வம் மன்னித்துவிட்டது, வள்ளல் ஏற்றுக்கொண்டுவிட்டார். நூலின் தலைப்பிலும் இலக்கிய வரலாற்றிலும் நம் பேச்சிலும் அவன் இன்றுவரை நொண்டிதான். கால் போன ஒவ்வொருவருக்கும் அது ஏதோ செய்துதான் போயிருக்கும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டது. இந்த நாடகங்கள் ஒட்டாவிட்டாலும் அது வேறு வழியில் ஒட்டியிருக்கலாம். ஆனால் இவை ஊர் ஊராகப் பாடி அதைப் பசையாக்கின.

இலங்கையில் இதை ஏட்டுச் செய்தியாக மட்டும் பார்க்க முடியாது. கண்ணிவெடியிலும் செல்லிலும் கால் இழந்த ஆயிரக்கணக்கானோர் நம்மிடையே நடமாடுகிறார்கள். வெள்ளவத்தைக் காலி வீதியில் செயற்கைக்கால் போட்டு நடக்கும் நடுவயதுக்காரரைக் காணலாம். வன்னியில் ஜெய்ப்பூர் கால் போட்டுக்கொண்டு வயலுக்கு இறங்குகிறவர்களைக் காணலாம். அவர்களை மாற்றுத்திறனாளி என்றோ வலுவிழந்தோர் என்றோ எழுத இன்று கற்றுக்கொண்டிருக்கிறோம். திட்டுகிறபோது மட்டும் பழைய சொல் வாயில் வருகிறது. எந்தக் குதிரையையும் திருடாதவர்கள்மீது ஒடுங்காப்புலியின் தண்டனைப் பெயர் விழுகிறது. அந்தச் சொல்லை ஆட்களின்மேல் போடுவதை நிறுத்த வேண்டும், இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. நூலின் பெயரிலும் யாப்பின் பெயரிலும் அது இருக்கட்டும். அங்கே அதற்கு வரலாறு இருக்கிறது.

யாப்பில் அந்தப் பெயருக்கு அழகும் இருக்கிறது. நொண்டி பாடிய பாட்டின் நடைக்கே நொண்டிச் சிந்து என்று பெயர் வந்தது. ஓர் அடிக்கு எட்டுச் சீர். மூன்று சீர் நடந்ததும் நான்காவதாக ஒரு தனிச்சொல் பிரிந்து நிற்கும். மறுபடி மூன்று சீர். கடைசிச் சீருக்குரிய இடம் பெரும்பாலும் சொல் இல்லாமல் இசை நீட்டத்தில் கழியும். ஒரு கால் ஊன்றி, ஒரு கணம் தாமதித்து, மீண்டும் ஊன்றும் நடை அது. காதால் கேட்டால் உடனே தெரியும், இலக்கணம் வேண்டாம். புதுச்சேரி இரா. திருமுருகன் சிந்துப் பாவியல் என்று தனி நூலே எழுதி, இத்தகைய பாட்டுகளின் அளவைத் தாளத்தோடு வைத்து அளந்து காட்டினார். ஏட்டு யாப்புக்குள் அடங்காதவை என்று ஒதுக்கப்பட்டவற்றுக்கு அவரால் இலக்கணம் கிடைத்தது.

இந்த நடையைத் தாசி வீட்டிலிருந்தும் குதிரைத் திருட்டிலிருந்தும் பிரித்தெடுத்தவர் பாரதி. பாரத ஜனங்களின் தற்கால நிலைமை என்ற பாட்டுக்கு அவர் தலைப்பின் கீழே நொண்டிச் சிந்து என்றே குறிப்பு உண்டு. நாட்டின் இழிநிலையை எண்ணி மனம் பொறுக்காமல் பாடுகிற பாட்டு அது. 1912இல் முதற்பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதத்திலும் இந்தச் சிந்து பெரிய இடம் பிடித்திருக்கிறது. தன் பாவத்தை எண்ணி நொந்தவனின் நடை, நாட்டை எண்ணி நோகிறவனின் நடையாயிற்று. மனம் நொந்து பாடும் இடத்துக்கு அந்தத் தாமதம் எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பாரதியின் காது அறிந்திருந்தது. நொண்டி இல்லாமலே நொண்டிச் சிந்து வாழ முடியும் என்று அவர் காட்டிவிட்டார்.

நாயகனும் முற்றாக மறையவில்லை. 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் எதிரிவீர சரத்சந்திரவின் மனமே என்ற சிங்கள நாடகம் மேடையேறியது. அம்பலாங்கொடையின் பழைய நாடகமக் கலைஞர் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயிடம் கற்ற ஆட்டத்தையும் பாட்டையும் கொண்டு சரத்சந்திர புதிய சிங்கள நாடகத்தை உண்டாக்கினார். கரையோரத் தமிழ்க் கூத்திலிருந்து போனது சிங்கள மேடையில் தலைநிமிர்ந்து நின்றதைப் பார்த்த பேராதனைத் தமிழ்த்துறைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், நம் கூத்து ஏன் கிராமத்து இரவுகளிலேயே கிடக்க வேண்டும் என்று இறங்கினார். மன்னார்ப் பக்கத்து நாடக ஏடுகளைத் தேடி அச்சேற்றினார். மட்டக்களப்பு அண்ணாவிமாரைக் கொண்டு பல்கலைக்கழக மாணவர்களை ஆட வைத்தார். விடிய விடிய நடந்த கூத்தை நகரத்து மேடைக்கு ஏற்றபடி சுருக்கினார். 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன், 1967இல் வாலிவதை. கர்ணன், இராவணன், வாலி என்று மூவரும் காவியத்தில் பெயர்பெற்ற பெரிய தோல்வியாளர்கள். அவர்களுக்கிடையே 1963இல் அவர் மேடையேற்றியது நொண்டி நாடகம்.